இடது பின்பக்கம்

நரினில் விடியும்போது
வண்டி சாய்ந்து நின்றது.
இடது பின்சக்கரம்
மட்கார்டுக்குள் பாதி புதைந்திருந்தது.
சாவியைத் திருப்பினேன்.
பம்ப் முனகியது. நின்று, மறுபடி முனகியது.
மெதுவாக எழுந்தது,
கடன்காரன் குரல் கேட்டு எழுகிறவனைப் போல.

அடியில் விரித்த அட்டையில்
ஆறிய தேநீர் நிறத்தில் ஒரு கறை.
நேற்று உள்ளங்கை அளவு.
இன்று முழங்கை வரை.

லெக்சஸ். வயது இருபத்தொன்று.
ஒஹாயோவில் ஒரு பல்மருத்துவர் ஓட்டியது என்றான் விற்றவன்.
கப்பலில் ஜார்ஜியா, பிறகு காஸ்பியன்,
பிறகு இந்த மலைகள்.
விலை:
எசென்பெக்கின் இடுப்பெலும்பு.

மாஸ்கோவில் பதினோராம் மாடிச் சாரத்திலிருந்து
விழுந்தார் என்கிறார்கள்.
இல்லை, இரண்டாம் மாடி.
மீதி ஒன்பதை ஊர் கட்டிக்கொண்டது.
கம்பெனி தந்த பணத்துக்கு
முந்நூறு ஆடு வாங்கலாம் என்றாள் நாத்தனார்.
பஜாரில் நான் அதற்குள்
அந்தச் சுவிட்சைப் பார்த்துவிட்டிருந்தேன்.
கியருக்குப் பக்கத்தில், கட்டைவிரல் அகலம்.
கீழே தள்ளினால்
இரண்டரை டன் இரும்பு
சுமையேற்ற மண்டியிடும் ஒட்டகமாய்
நாலு விரல் தாழும்.

நாலே விரல்.
அவர் காலுக்கு எட்டாத அதே நாலு விரல்.

இறக்கம் என்று நான் சொன்னால்
இரக்கம் என்று அவர் காதில் விழும்.
அதனால் சொல்லாமல் அழுத்துவேன்.
அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டு ஏறுவார்.

சகின் வண்டிக்கடியில் கிடந்தபடியே பேசினான்.
"டாங்கியைப் பாரக்கா.
உச்சத்தில் எண்ணெய் எங்கே நிற்குது, தாழ்வில் எங்கே?
நடுவில் பன்னிரண்டு கோடு இருந்தால்
உருண்டைகளுக்கு உயிர் இருக்கு."
இரண்டு முறை எண்ணினேன்.
வங்கியில் கேஷியர் நான், எண்ணுவதில் தவறமாட்டேன்.
ஐந்து.
"நாலு உருண்டையிலும் காற்று செத்துப்போச்சு.
குழாயும் போச்சு. உப்பு."

உப்பு.
ஒஹாயோவின் பனிச்சாலையில்
யாரோ வாரி இறைத்தது.
கடல் கடந்து, பாலைவனம் கடந்து
துருவுக்குள் பொறுமையாகக் குடியிருந்து
என் வாசலில் வந்து பசியாறுகிறது.

"எல்லாத்தையும் கழற்றிட்டு ஸ்பிரிங் போட்டுடலாம்.
சொட்டாது. சாகாது. நாற்பதாயிரம் சோம்."
"தாழுமா?"
அவன் தலையை வெளியே நீட்டினான்.
"ஸ்பிரிங் எதுக்கக்கா தாழணும்?"

தாழ்வதற்கு விலை ஒரு லட்சத்துப் பத்தாயிரம்.
என் வங்கியில் என் மேலதிகாரியிடம்
என் கையெழுத்திலேயே கடன் கேட்டேன்.
காரணம் என்ற கட்டத்தில்
சமையலறை என்று எழுதினேன்.

துபாயிலிருந்து பெட்டி வர மூன்று வாரம்.
பிறகு ஒரு ஞாயிறு முழுக்க
நான் உள்ளே உட்கார்ந்து ஏற்ற, இறக்க,
சகின் நட்டைத் திறந்தான், மூடினான்.
"குமிழி வருது... இன்னும் வருது...
ம், நின்னுது."
மறுபடி எண்ணினேன். பதின்மூன்று.
அவன் கையைத் துடைத்துக்கொண்டு
முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தான்.

வாசலில் எசென்பெக் ஊன்றுகோலோடு நின்றார்.
பில்லைப் பார்த்துவிட்டாரோ என்னவோ.
சுவிட்சுக்கு என் கை போனது.
"தொடாதே."

மேல்கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றினார்.
முதல்முறை வழுக்கியது.
இரண்டாம் முறை
ருஷ்ய மொழியில் ஒரு கெட்டவார்த்தை.
மூன்றாம் முறை அந்த நாலு விரலும்
வியர்வையாய் அவர் கழுத்தில் வழிய
இருக்கையில் விழுந்தார்.

ஒரு லட்சத்துப் பத்தாயிரம்.
நான் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
கொஞ்சநேரம் யாரும் பேசவில்லை.
பிறகு அவரே கையை நீட்டி
சுவிட்சைக் கீழே தள்ளினார்.
புஸ்ஸென்று தாழ்ந்தது, நான்கு மூலையும் சமமாய்,
இருவரையும் வைத்துக்கொண்டு.
மேலே தள்ளினார். எழுந்தது.
மறுபடி கீழே.
"நல்லாத்தான் வேலை செய்யுது," என்றார்.

அட்டையை இன்னும் எடுக்கவில்லை.
தினமும் காலையில் குனிந்து பார்க்கிறேன்.